அரிச்சுவடியில் இலை வேண்டாம், இட்லி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விஜயதசமி நெருங்கினாலே புத்தகக் கடை, பேன்சி ஸ்டோர், கோயில் வாசல் என்று எங்கும் எழுத்துப் படப் புத்தகங்கள் தொங்கத் தொடங்கிவிடும். தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்த கையோடு குழந்தையின் மடியில் வைக்கப்படும் முதல் புத்தகம் பெரும்பாலும் இதுதான். அதைத் தயாரிப்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டிய சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

அ - அம்மா, ஆ - ஆடு, இ - இலை, ஈ - ஈ, உ - உரல். இந்தப் பட்டியல் நமக்கெல்லாம் மனப்பாடம். ஓவியம் புதிதாகிறது, தாள் பளபளக்கிறது, கியூஆர் குறியீடுகூட வந்துவிட்டது. சொற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பல, மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தின் ஒலியைக் காட்டிக்கொடுப்பதே இல்லை. எழுத்துப் படநூலுக்கு உள்ள ஒரே வேலை அதுதான்: படத்தைப் பார்த்ததும் குழந்தையின் வாயில் தானாக எழும் சொல்லின் முதல் ஒலியும், பக்கத்தில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும்.

‘இ - இலை’யையே எடுத்துக்கொள்வோம். பச்சை இலைப் படத்தைக் காட்டி “இது என்ன கண்ணு?” என்று கேட்டால், தமிழகத்துக் குழந்தை “எல” என்றுதான் சொல்லும். வீட்டில் “சாப்பிட எல போடு” என்றே அது கேட்டிருக்கிறது. அதன் காதில் விழுந்த முதல் ஒலி எ. பக்கத்தில் இருப்பதோ இ. குழந்தை சரியாகத்தான் சொன்னது, புத்தகம்தான் தவறு. ஆனால் திருத்தப்படுவது குழந்தை. “எல இல்ல, இலைன்னு சொல்லு” என்று இரண்டு முறை சொன்னால், அடுத்த பக்கத்தில் அது வாயைத் திறக்கத் தயங்கும்.

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை, ஒழுங்கான விதியாகவே நடக்கிறது. சொல்லின் முதலில் இ அல்லது உ ஒலி இருந்து, அடுத்து ஒரே ஒரு மெய்யும் அதோடு அ, ஆ, ஐ ஒலிகளில் ஒன்றும் வந்தால், பேச்சில் இ என்பது எ ஆகும், உ என்பது ஒ ஆகும். இலை எல, இறகு எறகு, இளநீர் எளநி, உரல் ஒரல், உலக்கை ஒலக்க, உதடு ஒதடு. உயிர்மெய்யிலும் இதே கதைதான்: குடை கொட, குடம் கொடம், விளக்கு வெளக்கு, விறகு வெறகு. நி என்ற எழுத்துக்கு எல்லாப் புத்தகமும் நிலாவைத்தான் வரைகிறது. குழந்தையோ “நெலா” என்று கையை நீட்டுகிறது.

தப்பிக்கும் வழியும் அந்த விதியிலேயே இருக்கிறது. நடுவில் இரண்டு மெய் சேர்ந்து நின்றால் முதல் ஒலி அசையாது: இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல். அடுத்த எழுத்தில் இ, உ ஒலி இருந்தாலும் அசையாது: இடி, இரும்பு, உளி, உளுந்து, குருவி, குதிரை, புலி, விசிறி. ஆகவே இ-க்கு இட்லி, உ-வுக்கு உண்டியல். நி-க்குப் பொருட்பெயர் எளிதில் அகப்படாது, “நில்!” என்று கை காட்டும் போக்குவரத்துக் காவலரையும் சிவப்பு விளக்கையும் வரையலாம். எழுத்துப் புத்தகத்தில் பெயர்ச்சொல்தான் வர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. செயலைக் காட்டும் படத்தைக் குழந்தை நடித்தும் காட்டும்.

அடுத்தது, ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் இருக்கும் சிக்கல். பழம், பல், பட்டம் ஆகியவற்றில் உதடு சட்டென்று திறக்கிறது, தொண்டை அதிர்வதில்லை. பலூன், பஸ், பொம்மை ஆகியவற்றில் தொண்டை அதிர்கிறது. பெரியவர்களுக்கு இரண்டும் ப-தான். அப்போதுதான் ஒலியையும் வடிவத்தையும் முடிச்சுப் போடக் கற்கும் குழந்தைக்கு அவை இரண்டு வேறு ஒலிகள். ப என்ற பக்கத்தில் பட்டமும் பலூனும் சேர்ந்து இருந்தால் முடிச்சு விழாது. அதேபோல் த-வுக்குத் தக்காளி சரி, தோசை சரியில்லை. க-வுக்குக் கப்பல் சரி, கோலிக்குண்டு சரியில்லை. முதல் புத்தகத்தில் வல்லின எழுத்துக்கு அதிராத ஒலியுள்ள சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மற்றவை அடுத்த புத்தகத்தில் தாமே வந்து சேரும்.

கோலிக்குண்டில் இன்னொரு பிழையும் இருக்கிறது. க என்று பெரிதாகப் போட்டுவிட்டு கிளி, காகம், கோழி என்று வரைவது. ப என்று போட்டுவிட்டு பூனை வரைவது. த என்று போட்டுவிட்டுத் தேள் வரைவது. இதை மிக அதிகமாகப் பார்க்கிறோம். ‘தேள்’ என்ற சொல்லைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள். முதலில் நிற்பது த அல்ல, இரட்டைச் சுழிக் கொம்பு. தேட வேண்டிய எழுத்து இரண்டாவதாக ஒளிந்திருக்கிறது. க-வுக்குக் கப்பல், கடல். த-வுக்குத் தட்டு, தக்காளி. ம-வுக்கு மரம், மணி. வ-வுக்கு வண்டி, வடை என்று, கொம்பும் காலும் ஒட்டாத எழுத்தில் தொடங்கும் சொல்லே முதல் புத்தகத்துக்கு ஏற்றது. ப-வுக்குப் பப்பாளி மிக நல்ல சொல். இலங்கையில் அதையே பப்பாசி என்பார்கள். இரு கரையிலும் ப மாறாது.

இனி, படநூல் செய்கிற ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். க முதல் ன வரையிலான பதினெட்டில் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்ற ஒன்பதுதான் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரும். மீதி ஒன்பதில் ங-வை நன்னூல் ஏதோ தயவு பண்ணிச் சேர்த்துக்கொள்கிறது, அதுவும் அங்ஙனம், இங்ஙனம் போன்ற சொற்களின் பின்பாதியாகிய ‘ஙனம்’ என்பதை வைத்துத்தான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் முதலில் வாரா. முதலில் வரும் ஒன்பதிலும் ய-வும் ஞ-வும் பெயருக்குத்தான். யா என்று தொடங்கும் யானை உண்டு, யாழ் உண்டு. வெறும் ய-வில் தொடங்குவது எதையும் குழந்தை பார்த்திராது. ஞ-வுக்கு ஞாயிறு என்று போட்டுச் சூரியனை வரைந்தால், குழந்தை “சூரியன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

ஆங்கில அகரவரிசை நூலின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் வேண்டும் என்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு. தமிழின் அமைப்பு வேறு. இதற்கான விடையை ஔவையார் எப்போதோ செய்துகாட்டிவிட்டார். ஆத்திசூடி எழுத்து வரிசையில் செல்லும் நூல். ‘தந்தை தாய்ப் பேண்’, ‘நன்றி மறவேல்’ என்று முதலில் வரும் எழுத்துகளை நேராகவே வைத்தவர், ட-வுக்கு வந்ததும் ‘இடம்பட வீடெடேல்’ என்றார். ண-வுக்கு ‘இணக்கமறிந் திணங்கு’, ர-வுக்கு ‘அரவம் ஆட்டேல்’, ல-வுக்கு ‘இலவம் பஞ்சில் துயில்’, ழ-வுக்கு ‘அழகலாதன செய்யேல்’, ள-வுக்கு ‘இளமையில் கல்’. ய-வுக்கும் அதே வழிதான்: ‘இயல்பலாதன செய்யேல்’. எழுத்தை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டார், சிக்கல் தீர்ந்தது. ங-வுக்கு அதுவும் முடியவில்லை. ‘ஙப்போல் வளை’ என்று எழுத்தையே பொருளாக்கிவிட்டார். இதைவிடத் துணிச்சலான புனைவு வேறு எந்த அரிச்சுவடியிலாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த வழியைப் படநூலுக்குக் கொண்டுவருவது எளிது. சொல்லின் இரண்டாம் எழுத்தாக, கொம்பும் காலும் இல்லாமல், அந்த எழுத்து வெறுமனே நிற்க வேண்டும். ட-வுக்குக் கடல், ண-வுக்குக் கிணறு, ய-வுக்கு முயல், ர-வுக்கு மரம், ல-வுக்குச் சிலந்தி, ழ-வுக்குப் பழம், ள-வுக்குக் குளம், ற-வுக்குப் பறவை, ன-வுக்குப் பனங்கிழங்கு. இரண்டாம் எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் அச்சிட்டு, படத்திலும் அதே நிறத்தை ஓர் இடத்தில் கொண்டுவந்தால் குழந்தையின் கண் அங்கே போகும். சொல்லின் முதலில் நிற்கும் எழுத்துக்கு இடப்பக்கம், உள்ளே நிற்பதற்கு வலப்பக்கம் என்று பிரித்து வைத்தால், “இந்த எழுத்து உள்ளேதான் இருக்கும்” என்பதை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

ரயில், லட்டு, டயர் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, குழந்தைகள் அறிந்தவையும்கூட. அவற்றைச் சேர்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ‘இரயில்’, ‘இலட்டு’ என்று அச்சிட்டுவிட்டு ர, ல பக்கத்தில் வைப்பது இரண்டும்கெட்டான் வேலை. ‘ரயில்’ என்றால் ரயில் என்றே போடுங்கள். இல்லையென்றால் மரமும் சிலந்தியும் போதும்.

புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கு வேறு கவனம் வேண்டும். ண், ம், ய், ர், ல், ழ், ள், ன் ஆகியவை சொல்லின் கடைசியில் வருபவை: கண், மரம், நாய், தேர், பல், யாழ், தேள், மான். பேச்சில் இவற்றில் பல உகரம் ஏறி ‘கண்ணு’, ‘பல்லு’, ‘தேளு’ ஆகிவிடும். ஆகவே படித்துக்காட்டுபவர் இந்தப் பக்கங்களில் மட்டும் கடைசி ஒலியைச் சற்று நீட்டி நிறுத்த வேண்டும். வல்லின மெய்களை நடுவில்தான் கேட்க முடியும்: கொக்கு, தச்சர், தட்டு, நத்தை, கப்பல், நாற்று. ங்-க்குச் சங்கு, ஞ்-க்கு ஊஞ்சல், ந்-க்குப் பந்து, வ்-க்குச் செவ்வாழை. எழுத்தின் பெயரை ‘இக்’, ‘இங்’, ‘இச்’ என்று சொல்லிப் பழக்கிய குழந்தை, எழுத்துக் கூட்டும்போது அந்த இ-யையும் சேர்த்துவிடுவதைப் பார்க்கிறோம். கொக்கின் படத்தை வைத்து “கொக்...கு” என்று இடையில் நிறுத்திக் காட்டினால், இ இல்லாமலே க் கேட்கும்.

ஐ, ஔ, ஃ மூன்றையும் வழக்கமாக ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஐவர் என்று ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினால் குழந்தை “ஆளுங்க” என்கிறது. ஐந்து என்றால் அதன் வாயில் “அஞ்சு”. ஆனால் நம் குழந்தைகள் நாள் முழுக்கச் சொல்லும் ஐ ஒன்று இருக்கிறது. ஜவ்வுமிட்டாய்க்காரரைப் பார்த்ததும், மழை பெய்ததும், அப்பா வந்ததும் “ஐ!” என்று குதிக்கிறார்களே, அதை வரையுங்கள். ஒரு தெருவில் பத்துக் குழந்தைகள், பத்து வியப்புகள், எல்லார் வாயிலும் ஐ. ஔ-வுக்கு ஔவைப் பாட்டியை விட்டால் வழியில்லை; குழந்தை “பாட்டி” என்று சொன்னாலும் பரவாயில்லை, “இவங்க பேரு ஔவை” என்று சொல்லிக்கொள்ளலாம். ஃ எழுத்துக்கு எஃகு என்று இரும்புக் கம்பியை வரைவதில் பயனில்லை. எஃகையும் இரும்பையும் பெரியவர்களாலேயே படத்தில் பிரித்தறிய முடியாது. பழைய இலக்கண உரையில் ஆய்தத்துக்கு அடுப்புக்கூட்டு என்ற உவமை உண்டு. மூன்று கல் வைத்து, மேலே பானை, பொங்கும் பால். குழந்தை அந்த வடிவத்தை மறக்காது. ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்தின் வடிவத்தையே படமாக்குவது அழகான உத்தி, ஆனால் வழுக்கும் உத்தி. ட-வை நாற்காலியாக்கினால் பார்வைக்கு நன்றாக இருக்கும்; குழந்தை அதைப் பார்த்து “நா” என்று தொடங்கும். உ-வுக்குக் கண்ணும் அலகும் வைத்து வாத்தாக்கினால் அது ‘வா’ ஆகிவிடும். வடிவமும் சொல்லின் ஒலியும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே செய்ய வேண்டும். பொருந்தும் இடங்கள் உண்டு. ப-வின் வடிவம் தரையில் வெட்டிய பள்ளம். உள்ளே மழைத் தண்ணீர், ஒரு தவளை. எ-வோடு கூடுதலாக வரும் சாய்கோட்டை ஏணியாக வரைந்தால் அது ஏ. ஓ-வின் கீழ்ச் சுழியை ஓணானின் நீண்ட வாலாக வளைத்துவிடலாம். இப்படி நாலைந்து எழுத்துக்கு அமைந்தால் போதும். எல்லாவற்றுக்கும் செய்தே தீருவேன் என்று இறங்கினால், கடைசியில் எழுத்து சிதைந்து படம் மட்டும் மிஞ்சும்.

படம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும். ஓவியர் பென்சிலில் வரைந்து கொடுத்ததுமே, வண்ணம் தீட்டும் முன், சொல்லை மறைத்துவிட்டு மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழக் கூடாது. “இது என்ன?” என்று மட்டும் கேட்டு, வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எட்டுப் பேராவது நாம் நினைத்த சொல்லைச் சொன்னால் படம் இருக்கட்டும். குறைந்தால் படத்தையோ சொல்லையோ மாற்ற வேண்டும். ஈ பெரும்பாலும் “பூச்சி” ஆகும், ஓடம் “படகு” ஆகும், எருது “மாடு” ஆகும், ஆலமரம் வெறும் “மரம்” ஆகும். அ-வுக்கு வரைந்த அம்மாவை “ஆன்ட்டி” என்று சொல்லும் குழந்தை உண்டு, அது அதனுடைய அம்மா இல்லையே! அணிலுக்கோ அப்பளத்துக்கோ இந்தக் குழப்பம் கிடையாது. ஈ-யை விட மனமில்லையென்றால், பலாச்சுளை மேல் பெரிதாக உட்காரவைத்து “ஈ...” என்று ரீங்காரத்தைச் சுற்றிலும் எழுதுங்கள்.

அச்சுக்கு வருவோம். 20 × 30 அங்குல டபுள் கிரவுன் தாளின் இரு பக்கமும் அடித்து மடித்தால் 7.5 × 10 அங்குலத்தில் 16 பக்கம் வரும். வெட்டிய பின் 7.25 × 9.5. உயிரெழுத்துப் புத்தகத்துக்கு இந்த 16 கச்சிதமாகப் பொருந்தும். 1-ஆம் பக்கம் தலைப்பு. 2, 3-இல் அ, ஆ. 4, 5-இல் இ, ஈ. அடுத்து உ, ஊ. 8, 9-இல் எ, ஏ. 10, 11 இரண்டையும் சேர்த்து ஐ-க்கு விரித்துக் கொடுங்கள். 12, 13-இல் ஒ, ஓ. 14, 15-இல் ஔ, ஃ. 16-இல் ஒரு தேடல் விளையாட்டு. பதிப்பு விவரமும் பெற்றோருக்கான குறிப்பும் அட்டையின் உட்புறத்துக்குப் போகட்டும். இதனால் குறிலும் நெடிலும் எப்போதும் எதிரெதிரே நிற்கும். தலைப்புக்கு அடுத்து ஒரு பக்கத்தைப் பதிப்புரிமைக்கு விட்டு 3-இல் அ-வைத் தொடங்கினால் இந்த ஜோடி கலைந்துவிடும்: ஆ-வுக்கு எதிரே இ, ஈ-க்கு எதிரே உ. கடைகளில் கிடைக்கும் பல புத்தகங்களில் நேர்ந்திருப்பது இதுதான்.

எழுத்து குறைந்தது 6 செ.மீ. உயரம் இருக்கட்டும், சொல் 40 பாயின்ட். கோட்டின் தடிமன் சீராக உள்ள எளிய எழுத்துருவே நல்லது. பூவேலை, நிழல், முப்பரிமாணம் சேர்த்த எழுத்தில் சுழி எது, கால் எது என்று தெரியாமல் போகும். எழுத்தைத் தனிக் கறுப்பில் மட்டும் அடியுங்கள். நான்கு நிறம் கலந்த கறுப்பில் அடித்தால், எந்திரத்தில் தகடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் பிதுங்கும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம்.

கணினியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொக்கு’ உடைந்து நிற்கும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே அச்சேறியும் விடும். இரண்டாவது, ஔ. இதை ஒ-வும் ள-வும் தனித்தனியாகத் தட்டி ‘ஒள’ என்று போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பும். கௌ, கெள என்பதிலும் இதே பிழை. கர்சரை ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். ஒரே தாவலில் கடந்தால் ஔ, இரண்டு தாவல் எடுத்தால் பிழை. சரிபார்த்த பிறகே எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேப்லித்தோ தாளில் பின்பக்கப் படம் நிழலாகத் தெரியும். எழுத்தின் மேல் அந்த நிழல் விழுந்தால் குழந்தைக்கு அதுவும் எழுத்தின் பகுதிதான். 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர் போதும். பளபளப்பு லேமினேஷன் குழல்விளக்கின் கீழ் கண்ணைக் கூசும், மேட் போடுங்கள். பசை வைத்து ஒட்டும் பைண்டிங்கைச் சின்னக் குழந்தைகள் மல்லாத்தி விரித்தே பிய்த்துவிடுவார்கள். நடுமடிப்பில் கம்பி குத்தும் சென்டர் பின் மலிவு, ஆனால் கழன்றால் வாய்க்குள் போகும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் நூல் தையலோ, மூலை உருட்டிய தடித்த அட்டைப் புத்தகமோதான் சரி.

இதையெல்லாம் வீட்டிலும் அங்கன்வாடியிலும் காசில்லாமல் செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்ல தடித்த அட்டை. அச்சில்லாத பக்கம் வெளியே தெரியும்படி இரண்டிரண்டாக ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விட்டால் வளையாது. ஈரம் காயும் முன் தூக்கினால் வில்லாக வளைந்துவிடும். இடப்பக்கம் விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி மூன்று துளை, அதில் புடவைக் கரைத் துணியைக் கோத்து முடிச்சு. எழுத்தை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அதன் மேல் பசை தடவி ரவையைத் தூவினால் விரலால் தடவிப் பார்க்கலாம். குன்றிமணியை மட்டும் ஒட்டவே கூடாது: கடித்தால் நஞ்சு. பொத்தான், பாசிமணியும் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கும். எழுத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டு எழுதவைக்கும் பக்கத்தை இந்தப் புத்தகத்தில் சேர்க்காதீர்கள். ஒரு முறை எழுதி முடித்ததும் புத்தகம் செத்துவிடும். எழுத நேரம் வரும்போது, அகர வரிசையை விட்டு ட, ப, ம, ய என்று கோட்டு எழுத்துகளில் தொடங்கலாம். ‘படம்’, ‘பட்டம்’ என்று உடனே படிக்கவும் முடியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் வரும் தங்கள் சிறுவர் இணைப்பில் ஓர் எழுத்துக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள். வெட்டும் கோடு போட்டு, பின்பக்கத்தில் வெட்டினால் பாதிக்காத செய்தியை வையுங்கள். படமும் எழுத்தும் மேலே இருக்கட்டும். சொல்லை அடியில் தனிக் கீற்றாகப் போட்டால், அதை மடித்து மறைத்துக் குழந்தையிடம் முதலில் கேட்க முடியும். 13 வாரத்தில் உயிரும் ஆய்தமும், அடுத்த 18 வாரத்தில் மெய்யும் முடியும். இ வரும் வாரம் தங்கள் ஓவியர் இலையை வரைந்து கொண்டுவந்தால், அன்புகூர்ந்து திருப்பிக் கொடுத்து, ஆவி பறக்கும் இரண்டு இட்லி வரைந்து தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஆசிரியைகள், குழந்தைநூல் ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள்,
திருச்சி.